பழைய புல்லட்டில் பெட்ரோல் கோளாறு: அறிகுறியைக் கொண்டு இடத்தைக் கண்டுபிடித்தல்

வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் பெரும்பாலோரின் கை முதலில் போவது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் காற்றுத் திருகு என்ற சிறிய பித்தளைத் திருகுக்குத்தான். அதை அரைச் சுற்று உள்ளே திருகி, பிறகு முக்கால் சுற்று வெளியே எடுத்து, கடைசியில் அது முதலில் எந்த இடத்தில் இருந்தது என்பதையும் மறந்துவிட்டு, இருந்த ஒரு கோளாறை இரண்டாக்கிக்கொண்டு வீடு திரும்பிய அனுபவம் பழைய வண்டி வைத்திருப்பவர்களில் பலருக்கு உண்டு, எனக்கும் உண்டு. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வண்டியில் அந்தத் திருகு இரவோடு இரவாகத் தானே இடம் மாறியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே அதைக் கடைசியாகத் தொட வேண்டும் என்ற ஒரே முடிவோடு இந்த வழிமுறையைத் தொடங்கலாம்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய 350 புல்லட். சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் வீச்சு 90 மி.மீ., கொள்ளளவு 346 சிசி. அதில் இருப்பது மிக்கார்ப் விஎம் 24 வகைக் கார்புரேட்டர். ஆக்சிலேட்டர் கேபிள் இழுக்கும்போது உள்ளே உருளை வடிவ ஸ்லைடு ஒன்று மேலே ஏறிக் காற்று வழியைத் திறக்கும். அந்த ஸ்லைடோடு ஓர் ஊசியும் ஏறும். இதே அமைப்புள்ள வேறு பழைய வண்டிகளுக்கும் கீழே சொல்லப்படுவதில் பெரும்பகுதி பொருந்தும். ஸ்லைடு கேபிளால் ஏறாமல் வெற்றிடத்தால் ஏறும் வகைக்குச் சில இடங்களில் மட்டும் வேறுபாடு உண்டு. அதை அந்தந்த இடத்தில் குறிப்பிடுகிறேன்.

கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பெட்ரோல் பயணிக்கும் பாதையை மனத்தில் வரிசையாக வைத்துக்கொள்ள வேண்டும். டேங்கின் மூடியில் உள்ள காற்றுத் துளை, டேங்க், அடியில் உள்ள டேப்பும் அதன் வலையும், ரப்பர் டியூப், கார்புரேட்டரின் ஊசி வால்வு, மிதவை இருக்கும் கிண்ணம், அதன் பிறகே பெட்ரோலை அளந்து விடும் நுண்துளை கொண்ட பித்தளைத் துண்டுகளான ஜெட்டுகள். இந்தப் பாதையில் ஜெட் கடைசி இடத்தில் இருக்க, நாமோ அதை முதலில் கழற்றுகிறோம்.

இரண்டாவதாக, கோளாறு ஆக்சிலேட்டரின் எந்தத் திறப்பில் வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வண்டியின் வேகமோ கியரோ இதற்குக் கணக்கல்ல. கைப்பிடி எவ்வளவு முறுக்கப்பட்டிருக்கிறது என்பது மட்டுமே கணக்கு. மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறக்கும்வரை பைலட் ஜெட்டும் காற்றுத் திருகும் ஆட்சி செய்கின்றன. அங்கிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் அடியில் வெட்டப்பட்டிருக்கும் சரிவு கலவையைத் தீர்மானிக்கிறது. கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை ஊசியும் அது நுழையும் நீடில் ஜெட்டும். அதற்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் சற்று ஒன்றன்மேல் ஒன்று படர்ந்தே இருக்கும் என்றாலும், நோய் எந்தப் பகுதியில் என்று கண்டுகொள்ள இது போதுமானது. கைப்பிடியில் ஒரு வெள்ளை டேப் துண்டை ஒட்டி, பக்கத்தில் அசையாத பகுதியில் கால், அரை, முக்கால், முழு என நான்கு கோடுகளைப் பேனாவால் இட்டுக்கொண்டு ஓட்டிப் பார்த்தால், வண்டி எப்போதாவது திணறுகிறது என்ற பொதுப் புகார், கால் திறப்பைத் தாண்டும்போது திணறுகிறது என்ற துல்லியமான தகவலாக மாறிவிடும்.

மூன்றாவதாக, கோளாறு பெட்ரோலைச் சேர்ந்ததுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிளக்கில் தீப்பொறி வரச் செய்யும் மின்சுற்றில் பாயின்ட் கருகியிருந்தாலோ கண்டன்சர் பழுதாகியிருந்தாலோ வண்டி கார்புரேட்டர் கோளாறு போலவே நடிக்கும். பொதுவாக மின்சாரக் கோளாறு சுவிட்சை அணைத்தது போலச் சட்டென்று நிறுத்தும், சட்டென்று உயிரும் கொடுக்கும். பெட்ரோல் குறைவு மெல்ல மெல்ல இழுவையைக் குறைத்து, இரண்டு மூன்று முறை குலுக்கிவிட்டு நிறுத்தும். இன்னும் எளிய சோதனை சோக்கில் இருக்கிறது. திணறும் நேரத்தில் சோக்கைப் போட்டால் வண்டி சற்றுத் தேறினால் பெட்ரோல் போதவில்லை அல்லது காற்று மிகுதி. இன்னும் மோசமானால் பெட்ரோல் ஏற்கெனவே மிகுதி. இந்த ஒரு சோதனையே தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

வேலை செய்யும் இடம் திறந்த வெளியாக இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து பக்கத்து அறைக்கும் போகும். அங்கே எரியும் அடுப்போ சாமி விளக்கோ போதும். எஞ்சின் ஆறிய பிறகே டியூபைக் கழற்ற வேண்டும்.

அறிகுறி: காலையில் எவ்வளவு உதைத்தாலும் எடுக்கவில்லை

முதலில் உதைக்கும் முறையையே சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் பல நேரங்களில் கோளாறு காலில்தான் இருக்கிறது. சாவியைப் போட்டு, அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்து நிற்கும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரெஷன் பிடியை இழுத்துக்கொண்டு சற்றுத் தாண்டவிட்டு, கிக்கரை முழுவதும் மேலே வரவிட்டு, பிறகு ஒரே உதை. இதுவரை அனைவரும் அறிந்ததே. பலர் அறியாதது, இந்தக் கார்புரேட்டரில் சோக் என்பது காற்றை அடைக்கும் தட்டு அல்ல என்பதுதான். அது கூடுதல் பெட்ரோலுக்கென ஒரு தனிச் சிறு வழியைத் திறக்கும் தண்டு. ஸ்லைடு மூடியிருந்து, அதன் பின்னால் வெற்றிடம் வலுவாக இருக்கும்போது மட்டுமே அந்த வழியாகப் பெட்ரோல் உறிஞ்சப்படும். சோக்கைப் போட்டுவிட்டு ஆக்சிலேட்டரையும் முறுக்கிக்கொண்டு உதைத்தால் சோக் போட்டதன் பயன் பெரும்பாலும் போய்விடும். கைப்பிடியைத் தொடாமல் உதைக்க வேண்டும்.

அப்படியும் எடுக்காவிட்டால் ஆறேழு உதைக்குப் பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிளக் ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, மிகுதியாகவே வந்திருக்கிறது. பெட்ரோல் டேப்பை மூடி, சாவியை அணைத்து, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து, டிகம்ப்ரெஷனைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு முறை கிக்கரை அழுத்தினால் சிலிண்டரில் தேங்கியது வெளியேறிவிடும். பிளக்கைத் துடைத்து உலர்த்திப் போட்டு, சோக் இல்லாமல் முயல வேண்டும். பிளக் காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. கார்புரேட்டர் முனையில் டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு டேப்பைத் திறந்தால், குறை அதற்கு முன்னாலா பின்னாலா என்பது உடனே தெரிந்துவிடும்.

பாட்டிலில் தாராளமாக விழுந்தும் பிளக் காய்ந்திருந்தால், ஊசி வால்வு மூடிய நிலையில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இது சாதாரணம். பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டு, எஞ்சியது வெல்லப் பாகு போலப் பழுப்பாக உறைந்து ஊசியைப் பிடித்துக்கொள்கிறது. திருப்புளியின் கைப்பிடியால் கிண்ணத்தின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினால் பல முறை விட்டுவிடும். அது தற்காலிகத் தீர்வுதான், அந்தப் பாகு ஜெட்டுகளிலும் இருக்கும் என்பதால் திறந்து சுத்தம் செய்வதைத் தவிர்க்க முடியாது.

அறிகுறி: ஓவர்ஃப்ளோ டியூப் வழியே பெட்ரோல் ஒழுகுகிறது

கிண்ணத்தில் பெட்ரோல் குறிப்பிட்ட மட்டத்தை எட்டியதும் மிதவை உயர்ந்து ஊசி வால்வை மூட வேண்டும். மூடவில்லை என்பதே இந்த அறிகுறியின் பொருள். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: ஊசி வந்து அமரும் இருக்கையில் தூசி, ஊசியின் நுனி தேய்வு, மிதவையில் ஓட்டை.

தூசி என்றால் மேலே சொன்னபடி தட்டிப் பார்த்து, வடிகால் திருகைத் திறந்து சிறிது பெட்ரோலை ஓடவிட்டால் பெரும்பாலும் கழுவிக்கொண்டு போய்விடும். திரும்பத் திரும்ப வந்தால் கிண்ணத்தைக் கழற்ற வேண்டும். கழற்றிய கிண்ணத்தில் இருப்பதைக் கீழே கொட்டிவிடாமல் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் மெல்லச் சாய்த்து வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. செங்கல் தூள் போன்ற படிவு டேங்கின் துரு. பெட்ரோலுக்கு அடியில் பாதரச மணிகள் போல உருண்டு ஓடி, தட்டைச் சாய்த்தால் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்பவை தண்ணீர். கறுப்பாக, விரலில் மை போல ஒட்டுவது உள்ளே கரைந்துவரும் ரப்பர் டியூப். கார்புரேட்டரைச் சுத்தம் செய்துவிட்டு இந்தத் தட்டு சொன்னதைக் கேட்காமல் விட்டால், அடுத்த வாரம் அதே கிண்ணத்தை மீண்டும் கழற்ற நேரிடும்.

ஊசி வால்வின் நுனியைக் கண்ணால் மட்டும் பார்க்காமல் விரல் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். சுற்றிலும் மெல்லிய பள்ளம் தட்டுப்பட்டால் அது தேய்ந்துவிட்டது; ஊசியையும் இருக்கையையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஏனெனில் பழைய இருக்கையில் புதிய ஊசி நெடுநாள் நிற்காது. மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் தளும்பும் ஓசை கேட்கும். சந்தேகம் இருந்தால் சூடான நீரில் அமிழ்த்திப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் காற்று விரிந்து ஓட்டை வழியே குமிழி விடும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் ஒழுகினால் மிதவையின் மட்டம் தவறியிருக்கிறது. ஊசி வால்வைத் தள்ளும் அதன் நாக்கை யாராவது முன்பு வளைத்திருக்கலாம். வடிகால் வழியில் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் டியூபைப் பொருத்தி, அதைக் கார்புரேட்டரின் உடலையொட்டி மேல்நோக்கிப் பிடித்து, டேப்பையும் வடிகாலையும் திறந்தால், உள்ளே எந்த மட்டத்தில் பெட்ரோல் நிற்கிறதோ அதே மட்டத்தில் டியூபிலும் நிற்கும். கிண்ணமும் உடலும் சேரும் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றால் கவலையில்லை. கோட்டைத் தாண்டினால் நாக்கை மிகச் சிறிதளவே திருத்த வேண்டும். இங்கே அரை மில்லிமீட்டரும் பெரிய அளவுதான்.

ஒரு எச்சரிக்கை. டேப்பைத் திறந்தபடியே இரவெல்லாம் நிறுத்தப்பட்ட வண்டியில் ஊசி வால்வு கசிந்திருந்தால், பெட்ரோல் முழுவதும் வெளியே ஒழுகியிருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஒரு பகுதி இன்டேக் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெயில் கலந்திருக்கலாம். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் வாடை அடித்தாலோ எண்ணெய் மட்டம் ஏறியிருந்தாலோ அந்த எண்ணெயோடு ஒரு தெருகூட ஓட்டக் கூடாது, மாற்றிவிட வேண்டும். வண்டியை நிறுத்தியதும் டேப்பை மூடும் பழக்கம் நம் அப்பாக்கள் தலைமுறைக்கு இருந்தது. அவர்கள் சிக்கனத்துக்காகச் செய்தார்கள் என்று நினைத்திருந்தேன்.

அறிகுறி: ஸ்லோவில் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது) எஞ்சின் ஓடி நிற்கவில்லை, அணைந்துவிடுகிறது

சோக் போட்டிருக்கும்வரை ஓடுகிறது, எடுத்ததும் அணைந்துவிடுகிறது. ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது. சிக்னலில் ஒவ்வொரு முறையும் உதைக்க வேண்டியிருக்கிறது. அடைபட்ட பைலட் ஜெட்டைத் தெளிவாகக் காட்டும் அறிகுறி இதுதான். அந்த ஜெட்டின் துளை தலைமுடியைவிடச் சிறிதே பெரியது என்பதால் மற்ற எதுவும் அடைபடும் முன் அது அடைபடும்.

கார்புரேட்டரை வெளியே எடுப்பதற்கு முன் காற்றுத் திருகை மெல்ல உள்ளே திருகி, அது மெதுவாக உட்காரும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அழுத்தி இறுக்கினால் அதன் கூர்முனையும் இருக்கையும் கெட்டுவிடும். பிறகு திருகையும் அதன் ஸ்பிரிங்கையும் எடுத்து, கிண்ணத்தைக் கழற்றி, பைலட் ஜெட்டை அதன் தலைக்குச் சரியாகப் பொருந்தும் அகலமுள்ள திருப்புளியால் எடுக்க வேண்டும். பித்தளை மென்மையானது, மெலிந்த திருப்புளி வழுக்கினால் பிளவு சிதைந்து, அந்த ஜெட் அங்கேயே குடியிருக்கத் தொடங்கிவிடும்.

ஜெட்டை வானத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால் துளை வட்டமான ஒளிப்புள்ளியாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கார்புரேட்டர் கிளீனரில் சில மணி நேரம் ஊறவைத்து, காற்று அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். குண்டூசி, சேஃப்டி பின், இரும்புக் கம்பி எதுவும் கூடாது. துளை மிகச் சிறிதளவு பெரிதானாலும் அது வேறு எண் கொண்ட ஜெட்டாகிவிடும், அதன் மேல் பொறித்திருக்கும் எண் பொய்யாகிவிடும். மிகவும் தேவைப்பட்டால் மின் வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை, அல்லது நைலான் துடைப்பத்தின் ஓர் இழை.

ஜெட்டைச் சுத்தம் செய்ததோடு நிறுத்திவிடுவது இங்கே மிகப் பரவலாக நடக்கும் பிழை. ஜெட் அந்தப் பாதையின் ஒரு வாசல் மட்டுமே. உடலுக்குள் அது ஒரு குறுகிய சந்தாகத் தொடர்ந்து, ஸ்லைடுக்கு அருகே காற்றுப் பாதையின் தரையில் ஊசிக்கண் அளவுள்ள துளைகளாக வெளிவருகிறது. கிளீனர் டப்பாவின் மெல்லிய குழாயை ஜெட் இருந்த இடத்தில் வைத்துத் தெளித்தால் காற்றுத் திருகின் துளையிலும் தரையிலுள்ள துளைகளிலும் திரவம் பீய்ச்சி வர வேண்டும். கண்ணாடி அணிந்துகொண்டு செய்யவும். அது நேராக முகத்துக்கு வரும். ஒரு துளையை விரலால் மூடி மற்றதில் வருகிறதா என்று மாற்றி மாற்றிப் பார்த்தால், எந்தச் சந்தில் அடைப்பு என்பது தெளிவாகும்.

எல்லாம் பொருத்தியபின்தான் காற்றுத் திருகின் முறை வருகிறது. முதலில் எழுதிவைத்த எண்ணிக்கைக்கே வைக்கலாம். அது நம்பத்தகுந்ததாக இல்லாவிட்டால் ஒன்றரைச் சுற்று வெளியே வைத்துத் தொடங்கலாம். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஸ்லைடைத் தாங்கும் ஸ்லோ திருகால் வேகத்தைச் சற்று உயர்த்தி, காற்றுத் திருகைக் கால் கால் சுற்றாகத் திருப்பி, எஞ்சின் ஓசை அதிகபட்ச வேகத்தோடு சீராகக் கேட்கும் இடத்தில் விட்டு, பின் ஸ்லோவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இந்தத் திருகு ஏர் ஃபில்டர் பக்கத்தில் இருப்பதால் காற்றைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே எடுத்தால் காற்று மிகும், பெட்ரோல் விகிதம் குறையும். வெற்றிடத்தால் ஸ்லைடு ஏறும் வகைகளில் திருகு எஞ்சின் பக்கத்தில் இருக்கும், அது பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்தும், அங்கே வெளியே எடுத்தால் பெட்ரோல் மிகும். ஒரு வண்டியில் கற்றதை அப்படியே மற்றொன்றில் செய்து குழம்புபவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். மூன்று சுற்றுக்கு மேல் வெளியே எடுத்தும், அல்லது முழுவதும் உள்ளே திருகியும் எஞ்சின் எந்த மாற்றத்தையும் காட்டாவிட்டால், திருகை விட்டுவிட்டு மீண்டும் சந்துகளுக்குத் திரும்ப வேண்டும்.

அறிகுறி: ஸ்லோ தானாக ஏறுகிறது, இறங்க மறுக்கிறது

ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பும்போது வேகம் மாறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இறுக்கமாக இருக்கிறது. அதில் சிறிது தளர்வு கொடுத்தால் போதும். ஸ்லைடு கைவிட்டதும் டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் ஸ்லைடில் பிசின் அல்லது கீறல்.

இவை இல்லையென்றால் கார்புரேட்டருக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையே காற்று புகுகிறது. பேக்கிங் கருகியிருக்கலாம், ரிங் தட்டையாகியிருக்கலாம். பழைய வண்டிகளில் அதிகம் காண்பது, யாரோ நட்டுகளை வலுவாக இறுக்கி இறுக்கிக் கார்புரேட்டரின் விளிம்பையே வில்லாக வளைத்திருப்பது. கண்ணாடித் துண்டின் மேல் விளிம்பை வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். கண்ணாடியின் மேல் நுண்மையான எமரித் தாளை விரித்து எட்டு எழுதுவது போலத் தேய்த்துச் சமன் செய்யலாம். கசிவு எங்கே என்று அறிய, ஓடும் எஞ்சினில் இணைப்பைச் சுற்றிச் சிறிது சோப்பு நீரைத் தெளித்தால் கசிவுள்ள இடத்தில் அது உறிஞ்சப்படும், ஓசையும் மாறும். எரியும் திரவங்களைச் சூடான எஞ்சின் மேல் தெளித்துச் சோதிக்கும் வழக்கம் பட்டறைகளில் உண்டு, வீட்டில் வேண்டாம்.

அறிகுறி: கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, பிறகு மெல்ல நின்றுவிடுகிறது, சற்றுக் காத்திருந்தால் மீண்டும் எடுக்கிறது

இந்த அறிகுறி என்னிடம் இரண்டு வாரங்களை வாங்கிக்கொண்டது. ஊருக்குள் எந்தக் குறையும் இல்லை. நெடுஞ்சாலையில் பதினைந்து கிலோமீட்டர் தாண்டியதும் இழுவை தளரும், குலுக்கும், நிற்கும். ஓரமாக நிறுத்தி ஒரு தேநீர் குடித்துவிட்டு உதைத்தால் ஒன்றுமே நடக்காதது போல எடுக்கும். மெயின் ஜெட்டை மூன்று முறை கழற்றிச் சுத்தம் செய்தேன். கண்டன்சரை மாற்றினேன். நான்காவது முறை நின்றபோது, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திறந்தேன். ஒரு நீண்ட பெருமூச்சு போலக் காற்று உள்ளே போகும் ஓசை கேட்டது. ஆயுதபூசைக்கு வண்டியைப் பளபளப்பாக்கத் தடவிய மெழுகு, மூடியின் காற்றுத் துளையில் வெள்ளையாக உறைந்து கிடந்தது. அடைத்தது என் கைதான். பெட்ரோல் இறங்கும் இடத்தைக் காற்று நிரப்பாவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது. காத்திருக்கும் நேரத்தில் காற்று கசிந்து உள்ளே போய்ச் சமன் செய்துவிடுகிறது.

எனவே இந்த அறிகுறிக்கு முதல் சோதனை, வண்டி தளரும்போது மூடியைத் திறந்து பார்ப்பது. இரண்டாவது சோதனை ஓட்டத்தை அளப்பது. டியூபைக் கழற்றி, அளவு குறித்த பாட்டிலில், மூடியை மூடிய நிலையில் ஒரு நிமிடமும் திறந்த நிலையில் ஒரு நிமிடமும் விட்டுப் பார்க்க வேண்டும். எவ்வளவு வர வேண்டும் என்பதை நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்கு 30 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி ஒரு மணி நேரத்தில் சுமார் 2.7 லிட்டர் குடிக்கிறது. அதாவது நிமிடத்துக்கு 45 மில்லி. ஆகவே நிமிடத்துக்கு 200 மில்லி இறங்கினால் தேவைக்கு நான்கு மடங்கு இருக்கிறது, டேப்பைக் குறை சொல்ல இடமில்லை. 60, 70 மில்லிதான் வருகிறது என்றால், வெயிலும் மேடும் சேரும்போது அது போதாது.

ஓட்டம் குறைவாக இருந்தால் டேப்பைக் கழற்றி, டேங்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வலையைப் பார்க்க வேண்டும். இடையில் யாரோ பொருத்திய சிறிய பிளாஸ்டிக் ஃபில்டர், எஞ்சினின் சூட்டுக்கு மிக அருகே வளைந்து தொங்கும் டியூப் ஆகியவையும் குற்றவாளிகளாக இருக்கலாம். புவியீர்ப்பினால் மட்டுமே பெட்ரோல் இறங்கும் வண்டியில், பம்புள்ள கார்களுக்கான ஃபில்டரைப் போடுவது எனக்கு உடன்பாடில்லை.

கோளாறு ரிசர்வுக்கு மாற்றிய பின் தொடங்கியது என்றால் அது தனிக் கதை. மெயின் குழாய் டேங்கின் தரையிலிருந்து உயரமாக நிற்கிறது. ரிசர்வ் தரையோடு உறிஞ்சுகிறது. பெட்ரோலைவிடக் கனமான தண்ணீரும் துருவும் மாதக்கணக்கில் அங்கேதான் படிந்திருக்கும். எப்போதும் டேங்கை நிரப்பியே ஓட்டுபவர் ஒருநாள் ரிசர்வைத் திறந்தால் அத்தனையும் ஒன்றாக இறங்கும்.

ஓட்டம் தாராளமாக இருந்தும் முக்கால் திறப்புக்கு மேல் மட்டும் இழுவை குறைந்தால்தான் மெயின் ஜெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அடைப்பைச் சுத்தம் செய்து, அதன் எண் வண்டியின் கையேட்டில் உள்ளதோடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அறிகுறி: கரும்புகை, பெட்ரோல் வாடை, மைலேஜ் சரிவு

முதலில் மலிவானவற்றைப் பார்க்கலாம். சோக் தண்டு முழுவதும் கீழே இறங்கி மூடுகிறதா, ஏர் ஃபில்டர் அடைபட்டிருக்கிறதா, மிதவை மட்டம் உயர்ந்திருக்கிறதா. ஃபில்டரை எடுத்துவிட்டுச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தால் மாறுதல் தெரியும். அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

இவை சரியாக இருந்து, கால் முதல் முக்கால் திறப்பு வரை மட்டும் பெட்ரோல் மிகுதி தெரிந்தால் ஸ்லைடோடு ஏறும் ஊசியைக் கவனிக்க வேண்டும். ஊசியின் தலையில் உள்ள பள்ளங்களில் ஒன்றில் ஒரு கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினால் ஊசி கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். கீழே இறக்கினால் ஊசி உயரும், பெட்ரோல் மிகும். ஆனால் நெடுங்காலம் ஓடிய கார்புரேட்டரில் கிளிப்பை மாற்றுவது பெரும்பாலும் ஏமாற்று வேலை. ஊசி ஸ்லைடோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் ஏறியிறங்கி உரசியதில் நீடில் ஜெட்டின் வட்டத் துளை முட்டை வடிவமாகியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தேய்வின் வழியே பெட்ரோல் கூடுதலாக ஏறும். ஊசியை ஒளியில் சாய்த்துப் பார்க்கும்போது ஒரு பக்கத்தில் மட்டும் மினுமினுக்கும் கோடு தெரிந்தால், ஊசியையும் நீடில் ஜெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

சமவெளியில் சரியாக இருக்கும் வண்டி மலைமேல் மட்டும் புகைத்தால் அது கோளாறே அல்ல. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்ததைக் கார்புரேட்டர் அறியாது. பழைய அளவிலேயே பெட்ரோலை ஊற்றும். இரண்டு நாள் சுற்றுலாவுக்காக ஜெட்டை மாற்றத் தேவையில்லை, இறங்கினால் சரியாகிவிடும்.

பிளக்கின் நிறத்தைக் கொண்டு கலவையை மதிப்பிட, சந்தேகப்படும் திறப்பில் ஓரிரு கிலோமீட்டர் ஓட்டி, ஆளில்லாத சாலையில் கிளட்சைப் பிடித்துச் சாவியை அணைத்து, ஸ்லோவில் ஓடவிடாமலே நிறுத்திப் பிளக்கைக் கழற்ற வேண்டும். வறுத்த மல்லியின் நிறம் நல்லது. வெளிறிய வெள்ளை பெட்ரோல் குறைவு. உலர்ந்த கரி பெட்ரோல் மிகுதி. பிசுபிசுப்பான கறுப்பு எண்ணெய், அதற்குக் கார்புரேட்டர் பொறுப்பல்ல. நாட்டில் 2000-ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றபின் இந்த நிறங்கள் முன்னைவிட மங்கலாகவே தெரிகின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அறிகுறி: எதையும் தொடாமலே சூடு கூடியது, கைவிட்டதும் சைலன்சரில் படபடவென்று வெடிக்கிறது

சைலன்சர் இணைப்பில் காற்று புகவில்லை என்று உறுதியானால் இது பெட்ரோல் குறைவான கலவை. பைலட் ஜெட்டைச் சுத்தம் செய்தும் தீரவில்லை என்றால் டேங்கில் ஊற்றுவதையே பார்க்க வேண்டும். 2023 பிப்ரவரியில் அறிமுகமான, 20 விழுக்காடு எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல்தான் இன்று பெரும்பாலான பெட்ரோல் பங்குகளில் கிடைக்கிறது. ஒரு பங்கு தூய பெட்ரோல் முழுமையாக எரிய எடை அளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். கலவைக்குச் சுமார் 13.5. பழைய எரிபொருளுக்கென அளவெடுத்த ஜெட், புதிய எரிபொருளைச் சற்றுக் குறைவாகவே கொடுக்கிறது. பிளக் வெளிறியிருந்தால் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கியும், முழுத் திறப்பிலும் வெளிறினால் மெயின் ஜெட்டை அடுத்த எண்ணுக்கு உயர்த்தியும் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

எத்தனால் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. ஓரளவு வரை தண்ணீர் அதில் கரைந்து எஞ்சினில் எரிந்துவிடும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனிப் படலமாக அடியில் பிரிந்து நிற்கும், டேங்கின் தரையில் துரு அங்கிருந்து தொடங்கும். பழைய ரப்பர்களையும் அது உப்பச் செய்கிறது. மிதவைக் கிண்ணத்தின் ரப்பர் வளையத்தைக் கழற்றினால், அது தன் பள்ளத்தில் மீண்டும் உட்காராமல் நீண்டு மடங்குவதைப் பார்க்கலாம். இழுத்துப் பொருத்த முயலாமல் புதியது போட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால் டேப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, வடிகாலைத் திறந்து எஞ்சியதையும் வடித்துவிட வேண்டும்.

அனைத்தையும் செய்தும் தீராத வண்டிகள் உண்டு. அப்போது ஸ்லைடை மூடிய நிலையில் விரலால் முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். கடகடவென்று ஆடினால் உடலும் ஸ்லைடும் தேய்ந்து, காற்று சுற்றிலும் கசிகிறது. அந்தக் கார்புரேட்டரை எந்த ஜெட்டும் எந்தத் திருகும் ஸ்லோவில் நிறுத்தாது. புதிய ஜெட் செட் வாங்கிச் செலவழிக்காமல் கார்புரேட்டரையே மாற்றிவிடலாம். பழையதில் இருக்கும் ஜெட்டுகளின் எண்களையும் ஊசியின் கிளிப் நிலையையும் குறித்துக்கொண்டு போய், அதே எண்கள் உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும்.